மானிய ஆலோசகரிடம் கையொப்ப அதிகாரத்தை ஒப்படைக்காதீர்கள்: எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நேர்ந்தது

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.ஹெச்., வழங்கும் ஆய்வு மானியத்துக்கு முதன்முறையாக விண்ணப்பிக்க முனைந்திருக்கும் சிறிய ஆய்வுக்கூடங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 2023-இல் எங்கள் அமைப்பு ஒரு மானிய ஆலோசனை நிறுவனத்திடம் ஏமாந்தது. பணம் போனது வருத்தம்தான். ஆனால் நான் எழுதாத, பிறருடைய எழுத்திலிருந்து எடுக்கப்பட்ட பத்திகளைக் கொண்ட ஒரு விண்ணப்பம் என் பெயரைத் தாங்கி அரசிடம் போய்ச் சேர்ந்தது என்பதை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

எங்களுடையது பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இலாப நோக்கற்ற அமைப்பு. பெரிய பல்கலைக்கழகங்களில் விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புவதற்கென்றே தனி அலுவலகம் இருக்கும். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. கூட்டரசு மானியம் எதற்கு விண்ணப்பிப்பதானாலும் முதலில் அரசின் பதிவுத் தளமான சாம்.கவ்-இல் அமைப்பைப் பதிவு செய்து, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க அடையாளக் குறியீட்டைப் பெற வேண்டும். அதன் பிறகு கிராண்ட்ஸ்.கவ் தளத்திலும், என்.ஐ.ஹெச். தன் விண்ணப்பங்களைக் கையாளும் இ.ஆர்.ஏ. காமன்ஸ் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. முழுவதும் முடிய ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால் முன்கூட்டியே தொடங்கும்படி என்.ஐ.ஹெச். அறிவுறுத்துகிறது. அந்த ஆறு வாரப் பதற்றத்தைத்தான் இடைத்தரகர்கள் முதலாக வைத்து வியாபாரம் செய்கிறார்கள்.

ஜூலையில் சாம்.கவ் பதிவைத் தொடங்கிய சில நாள்களுக்குள், அரசு முத்திரை போலத் தோன்றும் சின்னத்துடன் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பதிவு நிறைவடையவில்லை என்றும், உடனே கட்டணம் செலுத்தாவிட்டால் கூட்டரசு நிதிக்கான தகுதியை இழப்போம் என்றும் அதில் எழுதியிருந்தது. மறுநாள் தொலைபேசியில் பேசியவர் எங்கள் அமைப்பின் பெயர், முகவரி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். பதிவு செய்யும் அமைப்புகளின் விவரங்களில் பெரும்பகுதி பொதுப்பார்வைக்குக் கிடைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அரசு அலுவலர்தான் பேசுகிறார் என்று நம்பி 600 டாலர் கட்டினேன். அரசின் மின்னஞ்சல் முகவரி '.கவ்' என்றோ '.மில்' என்றோதான் முடியும். அன்று அந்த ஒன்றைப் பார்த்திருந்தாலே போதும்.

அவர்கள் பதிவை முடித்துக் கொடுத்தது உண்மை. ஆனால் எங்கள் அமைப்பின் நிர்வாகியாகத் தங்கள் ஊழியர் ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டும் அவர்களிடமே போய் நிற்க வேண்டிய நிலையில் நாங்கள் வைக்கப்பட்டிருக்கிறோம் என்பது பின்னால்தான் புரிந்தது. நிர்வாகப் பொறுப்பை மீட்க, நோட்டரி சான்றளித்த கடிதம் ஒன்றை அனுப்பிப் பல வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது.

ஆகஸ்டில் அதே நிறுவனம் முழுச் சேவை என்று ஒன்றை முன்வைத்தது. எங்கள் ஆய்வுக்குப் பொருத்தமான மானிய அறிவிப்பைத் தேடி, விண்ணப்பத்தை எழுதி, அனுப்பியும் தருவதற்கு முன்பணமாக 4,500 டாலர் கேட்டார்கள். மானியம் கிடைத்தால் அதில் ஐந்து விழுக்காடு அவர்களுக்கு. மதிப்பீட்டுக் குழுவில் தங்களுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று ஒருமுறை வாய்விட்டே சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் எழுந்து போயிருக்க வேண்டும். என்.ஐ.ஹெச். விதிப்படி விண்ணப்பதாரரோ அவர் சார்பில் வேறெவருமோ மதிப்பீட்டாளர்களை அணுகவே கூடாது. தொடர்புள்ளவர்கள் அந்த விண்ணப்பத்தின் மதிப்பீட்டிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். விழுக்காட்டுக் கூலியும் அப்படித்தான்: மானியம் எழுதுவோரின் தொழில்முறைச் சங்கங்களே தங்கள் ஒழுக்க நெறிகளில் அதைத் தடை செய்திருக்கின்றன. 2023-இல் என்.ஐ.ஹெச்-க்கு வந்த ஆய்வுத்திட்ட விண்ணப்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் நிதி பெற்றது என்னும்போது, நிச்சயம் கிடைக்கும் என்று எவராலும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

எங்கள் திட்டம் சிறியது. நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள ஒரு சிலரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒரு மூச்சுப் பயிற்சி முறையைக் கற்பித்து, அவர்களின் மூச்சுத்திணறல் குறைகிறதா என்று பார்ப்பது. இதற்கு ஆர்21 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு நேரடிச் செலவாக 2,75,000 டாலர் வரை கேட்கக்கூடிய, தொடக்கநிலை ஆய்வுகளுக்கான வகை அது என்பதால் எனக்கும் தேர்வு சரியாகவே பட்டது. ஆனால் ஒரே வகையில் வெவ்வேறு அறிவிப்புகள் உண்டு. சிலவற்றில் மருத்துவச் சோதனைக்கு அனுமதி இல்லை, சிலவற்றில் அது கட்டாயம். பங்கேற்பவர்கள் மனிதர்களா, அவர்கள் ஒரு தலையீட்டுக்கு (சிகிச்சை, பயிற்சி போன்ற ஒன்றுக்கு) முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறார்களா, அந்தத் தலையீட்டின் விளைவை அளப்பதற்காக ஆய்வு வடிவமைக்கப்பட்டிருக்கிறதா, அந்த விளைவு உடல்நலம் சார்ந்ததா என்று என்.ஐ.ஹெச். நான்கு கேள்விகளைக் கேட்கிறது. நான்குக்கும் 'ஆம்' என்றால், பங்கேற்பவர்கள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது மருத்துவச் சோதனைதான். எங்கள் ஆய்வில் நான்குக்கும் 'ஆம்'. அவர்கள் தேர்ந்தெடுத்ததோ மருத்துவச் சோதனையை அனுமதிக்காத அறிவிப்பு.

அறிவிப்பு சரிதானா என்பதை, என்.ஐ.ஹெச்-இல் விண்ணப்பதாரர்களுக்கு வழிகாட்டும் திட்ட அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாமா என்று நான் செப்டம்பரில் கேட்டேன். அலுவலர்களைத் தொந்தரவு செய்தால் விண்ணப்பத்துக்குக் கெட்ட பெயர் வரும், தொடர்பை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றார்கள். நான் அடங்கிப் போனேன். விண்ணப்பிக்கும் முன் திட்ட அலுவலரோடு பேசுங்கள் என்று என்.ஐ.ஹெச். தன் வழிகாட்டுதல்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. யாரைத் தொடர்புகொள்வது என்பதற்கான வழி அறிவிப்பிலேயே இருக்கும். அந்த அலுவலரிடமிருந்து உங்களை விலக்கி வைக்க ஓர் ஆலோசகர் முயன்றால், அவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறை நானே செய்தேன். இ.ஆர்.ஏ. காமன்ஸ் தளத்தில் அமைப்பின் சார்பில் விண்ணப்பத்தை அனுப்பும் உரிமை கையொப்ப அதிகாரிக்கு மட்டுமே உண்டு. வேலை விரைவாக நடக்கும் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, அந்தப் பொறுப்பை அவர்களுடைய ஆளுக்கே கொடுத்தேன். அந்தக் கையொப்பம் வெறும் சடங்கன்று. பொய்யான கூற்றுக்கு அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 18-ஆம் பகுதி, 1001-ஆம் பிரிவின் கீழ்த் தண்டனை உண்டு என்பதை அறிந்தே இதை அளிக்கிறேன் என்ற உறுதிமொழி அதற்குள் அடங்கியிருக்கிறது.

அக்டோபர் 16 கடைசி நாள். 12-ஆம் தேதி விண்ணப்பம் போனது. அனுப்பிய பிறகு, தொகுக்கப்பட்ட முழு ஆவணத்தைப் பார்த்துச் சரிபார்க்க இரண்டு வேலை நாள் அவகாசம் தரப்படும். 13-ஆம் தேதி இரவு அதை முழுமையாக முதன்முறையாகப் படித்தேன். ஆறு பக்க ஆய்வு விளக்கத்தின் இரண்டாம் பக்கத்தில், எங்கள் குழுவில் எவரும் பயன்படுத்தாத சொற்கள் இருந்தன. ஒரு வாக்கியத்தை எடுத்து, நிதி பெற்ற திட்டங்களின் பொதுத் தரவுத்தளமான என்.ஐ.ஹெச். ரிப்போர்ட்டரில் தேடினேன். வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரின் திட்டச் சுருக்கம் வந்து நின்றது. மூன்று பத்திகள் ஏறக்குறைய வரி மாறாமல் அவருடையவை. ஆய்வை முன்மொழியும்போது செய்யப்படும் எழுத்துத் திருட்டும் ஆராய்ச்சி முறைகேடு என்றே அமெரிக்கக் கூட்டரசு விதிகள் வரையறுக்கின்றன. முதன்மை ஆய்வாளர் என்று அந்த ஆவணத்தில் இருந்தது என் பெயர் மட்டுமே.

வெள்ளி இரவிலிருந்து திங்கள் மாலை வரை அவர்களுக்கு அனுப்பிய எட்டு மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அவகாச நாள்களுக்குள் விண்ணப்பத்தை நிறுத்தும் உரிமை கையொப்ப அதிகாரியிடம் இருந்தது. அந்த அதிகாரியோ அவர்களுடைய ஆள். உதவி மையத்துக்கு எழுதி எங்கள் பொறுப்புகளை மீட்டு, விண்ணப்பத்தை முறைப்படி திரும்பப் பெற நவம்பர் நடுப்பகுதி ஆகிவிட்டது. அந்த வாரங்களில் நான் சரியாக உறங்கவில்லை.

பிறகுதான் திட்ட அலுவலரை அழைத்தேன். இருபத்தைந்து நிமிடம் பொறுமையாகப் பேசினார். தவறான அறிவிப்பின் கீழ் போன அந்த விண்ணப்பம் மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பியிருக்கும் என்றார். எங்கள் ஒரு பக்க நோக்கவுரையை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, என்.ஐ.ஹெச்-இன் 27 நிறுவனங்கள், மையங்களில் எது இத்தகைய சோதனையை ஏற்கும், எந்த அறிவிப்பில் அது பங்கேற்கிறது என்று சுட்டிக்காட்டினார். 5,100 டாலர் கொடுத்தும் எங்களுக்குக் கிடைக்காத அறிவுரை, ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. ரிப்போர்ட்டர் தளத்தில் மேட்ச்மேக்கர் என்றொரு கருவி இருப்பதையும் அவர்தான் சொன்னார். நம் திட்டச் சுருக்கத்தை அதில் இட்டால், ஒத்த திட்டங்களையும் அவற்றுக்கு நிதி தந்த நிறுவனங்களையும் திட்ட அலுவலர்களையும் மதிப்பீட்டுக் குழுக்களையும் காட்டுகிறது. ஒவ்வாமை, தொற்றுநோய்களுக்கான தேசிய நிறுவனம் வெற்றி பெற்ற முழு விண்ணப்பங்களையே, எழுதியவர்களின் இசைவோடு, மாதிரியாக வெளியிட்டிருக்கிறது. சாம்.கவ் பதிவில் சிக்கல் வந்தால் ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர்ஸ் என்ற அரசு நிதியுதவி பெறும் மையங்கள் கட்டணமின்றி உதவுகின்றன.

பணம் வாங்கிக்கொண்டு உதவும் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். நாம் எழுதியதைப் படித்து, வாதம் எங்கே நொண்டுகிறது என்று காட்டி, மணிக்கணக்குக்குக் கூலி பெறும் நல்ல பதிப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை, கையொப்பப் பொறுப்பைக் கேட்பதில்லை, கிடைக்கும் மானியத்தில் பங்கும் கேட்பதில்லை.

கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டு 600 டாலரை மீட்டோம். 4,500 டாலர் திரும்பவில்லை. விண்ணப்பம் அனுப்பப்பட்டுவிட்டதால் சேவை முடிந்தது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை நான் படிக்காமல் ஒப்பமிட்டிருந்தேன். 2024 பிப்ரவரி 16-க்கு நாங்களே எழுதிய விண்ணப்பத்தைச் சரியான அறிவிப்பின் கீழ் அனுப்பினோம். குழுவின் விவாதத்துக்கு அது எடுத்துக்கொள்ளப்படவில்லை. இருந்தும் மூன்று மதிப்பீட்டாளர்களின் எழுத்துக் குறிப்புகள் வந்தன. அவற்றில் இருவர், பயிற்சி பெறாத பிரிவுக்கு நாங்கள் வகுத்திருந்த ஏற்பாடு போதாது என்று ஒரே குறையைச் சொல்லியிருந்தார்கள். 37 மாதங்களுக்குள் திருத்தி மீண்டும் அனுப்பலாம் என்பதால், இப்போது அந்தப் பகுதியைத்தான் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.