சனிக்கிழமை 20 கிலோமீட்டரும் மாற்கு சுவிசேஷமும்: ஷாக்ஸ் ஓப்பன்ரன் ஹெட்போன் மதிப்புரை

ஓடும்போது வேதம் கேட்பதற்கு எந்தக் கருவி ஏற்றது என்று, எங்கள் சபையில் அண்மையில் நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்கியிருக்கும் சிலர் கேட்டார்கள். ஒன்றரை ஆண்டுகளாக ஷாக்ஸ் ஓப்பன்ரன் என்ற ஹெட்போனை அணிந்து ஓடிவருகிறேன். பாட்டுக் கேட்பவர்கள் எழுதிய மதிப்புரைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இசையின் தரத்தை வைத்தே இக்கருவியை அளக்கின்றன. என் தேவை வேறு. சனிக்கிழமைதோறும் இரண்டே கால் மணி நேரம் ஒரு மனிதக் குரல் வேதத்தை வாசிக்க வேண்டும், அதே நேரத்தில் சாலையின் சத்தமும் எனக்குக் கேட்க வேண்டும். அந்த ஒரு தேவைக்கு இது எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

இது காதுக்குள் செருகும் வகையைச் சேர்ந்தது அன்று. காதுமடலுக்கு முன்னால் கன்ன எலும்பின் மீது இரண்டு சிறு பட்டைகள் அமர்கின்றன. அவற்றின் அதிர்வு எலும்பின் வழியாகவே உட்செவியைச் சென்றடைகிறது, செவித்துளை முழுவதும் திறந்தே இருக்கிறது. பிடரியைச் சுற்றிவரும் டைட்டானியம் கம்பி இரு பக்கங்களையும் இணைக்கிறது. மொத்த எடை 26 கிராம். ஒருமுறை மின்னேற்றினால் 8 மணி நேரம் வரும் என்று நிறுவனம் சொல்கிறது; முழு மாரத்தானை 5 மணி நேரத்தில் முடிக்கும் என் போன்றவர்களுக்கு அது தாராளம். ஐபி67 தரச்சான்று உள்ளதால் தூசியையும் வியர்வையையும் தாங்கும். சென்னையின் புழுக்கத்தில் ஐந்தாவது கிலோமீட்டருக்குள் சட்டை முழுவதும் நனைந்துவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தச் சான்றின் அருமை புரியும்.

இதற்கு முன் வேறொரு நிறுவனத்தின் காதுக்குள் செருகும் ஹெட்போனைப் பயன்படுத்தினேன். வியர்வையில் வழுக்கி விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால், ஒரு விடியற்காலையில் எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வந்த இருசக்கர வண்டி என் முழங்கையை உரசிச் சென்ற பிறகுதான், கேட்க வேண்டிய சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை என்பதை உணர்ந்தேன். வேதத்தின் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே சாலையில் அடிபடுவதைப் பக்தி என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில், போக்குவரத்துக்கு முழுமையாக மூடப்படாத சாலைகளில் நடக்கும் ஓட்டப் போட்டிகளில் இந்த எலும்புவழி ஹெட்போன்களுக்கு மட்டும் அனுமதி அளித்திருப்பதற்கும் காது திறந்திருப்பதே காரணம்.

என் பாதை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தின் அருகே தொடங்குகிறது. அடையாறு வந்து, திரு.வி.க. பாலத்தைக் கடந்து, பட்டினப்பாக்கம், சாந்தோம், கலங்கரை விளக்கம் வழியாக மெரினாவின் மறுமுனையிலுள்ள நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆகும். அதிகாலை நாலே முக்காலுக்குப் புறப்படுகிறேன். வீட்டில் உட்கார்ந்து தியானம் செய்யும்போது கைபேசி ஒளிரும், சமையலறையில் குக்கர் கூவும், மனம் அலுவலகத்துக்குப் போய்விடும். ஓட்டத்தில் முதல் இருபது நிமிடங்கள் உடம்பு முறையிட்டுக்கொண்டிருந்தாலும், மூச்சு ஒரு சீருக்கு வந்தபின் செய்வதற்கு வேறு வேலையே இருப்பதில்லை. கேட்பது அப்போதுதான் உள்ளே இறங்குகிறது.

பழைய திருப்புதல் என்னும் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் ஒலிப்பதிவில் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களும் என் வேகத்தில் சுமார் 17 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. சிறு வயதிலிருந்து குடும்ப ஜெபத்தில் பகுதி பகுதியாகவே வாசித்திருந்த இச்சுவிசேஷத்தை ஒரே மூச்சில் முதன்முறையாகக் கேட்டது இந்தப் பாதையில்தான். ‘உடனே’ என்ற சொல் இதில் எத்தனை முறை வருகிறது என்பதைக் கண் கவனித்ததே இல்லை, ஓடும் கால் கவனித்தது. அதைவிட வியப்பளித்தது, இந்தச் சுவிசேஷத்துக்குள் ஓடுகிற மனிதர்கள். கல்லறைகளில் குடியிருந்தவன் இயேசுவைத் தூரத்திலே கண்டு ஓடிவருகிறான்; அது 5ஆம் அதிகாரம், அப்போது நான் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியிருப்பேன். படகில் போகிறவரைப் பிடிப்பதற்காக ஜனங்கள் பட்டணங்களிலிருந்து கால்நடையாய் ஓடி முந்திக்கொள்வது சாந்தோமை நெருங்கும்போது வரும். நித்திய ஜீவனைப் பற்றிக் கேட்க ஓடிவந்து முழங்கால்படியிடும் செல்வந்தன் நேப்பியர் பாலத்தில், நான் திரும்பும் இடத்தில், வருகிறான். அவன் துக்கத்தோடே திரும்பிப் போவதைக் கேட்டபடியே நானும் திரும்புகிறேன். சிலுவையின் அருகே ஒருவன் ஓடிப்போய்க் காடியில் தோய்த்த கடற்காளானை நீட்டுகிறான். கடைசியில் பெண்கள் கல்லறையை விட்டு நடுக்கத்தோடு ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் நான் மறுபடியும் அடையாற்றுப் பாலத்தின் மேல் இருப்பேன். போகும்போது இருட்டாக இருந்த முகத்துவாரத்தில் வெயில் ஏறியிருக்கும்.

இத்தகைய கேட்டலுக்கு இக்கருவி மிகவும் பொருந்துகிறது. ஒற்றைக் குரலின் வாசிப்பு இதில் தெளிவாக ஒலிக்கிறது. குரல் காதுக்குள் அடைத்துக்கொண்டு ஒலிக்காமல், பக்கத்தில் ஒருவர் கூடவே ஓடிவந்து வாசிப்பதுபோல் கேட்கிறது; சாந்தோம் பேராலயத்தைக் கடக்கும்போது காலைப் பூசைக்கு வருகிறவர்களின் பேச்சுச் சத்தமும் வாசிப்போடு சேர்ந்தே கேட்கிறது. இதை இடையூறாக நான் எண்ணியதில்லை. சபை ஆராதனையிலும் குழந்தைகளின் அழுகைக்கு நடுவில்தானே வேதபாடம் வாசிக்கப்படுகிறது.

எலும்புவழி ஒலிக்கே உரிய சில எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். தாழ்ந்த சுரங்கள் மெலிந்துதான் வரும். பாமாலைப் பாடல்களை நான்கு குரல்களில் பாடகர் குழு பாடியதைக் கேட்டால் ஆண்களின் அடிக்குரல் ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. ஆர்கனின் கனமும் அப்படியே. பாடல்களுக்காக மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பின்னணி இசையும் பல குரல்களும் சேர்ந்த நாடக வடிவ ஒலிப்பதிவுகளும் குழம்பலாகவே கேட்கும். ஒருவரே வாசிக்கும் பதிவைத் தேடி இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. கலங்கரை விளக்கத்துக்கும் நேப்பியர் பாலத்துக்கும் இடையே கடற்காற்று வலுக்கும் நாட்களில், காதை மூடாத எந்தக் கருவியிலும் சில வசனங்கள் தவறிப்போகும். அங்கே ஒலியைக் கூட்டாதீர்கள். கன்னத்தில் அதிர்வு கூசுவதைத் தவிர பயன் ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், அதன் தண்டும் இதன் கொக்கியும் ஒரே காதுமடலில் இடம்பிடிக்க வேண்டியிருப்பதால், வாங்குமுன் அணிந்து பார்ப்பது அவசியம். பழைய இருப்பில் தனிக் காந்தக் கம்பியால் மின்னேற்றும் வகையும், புதியதில் யூஎஸ்பி-சி முனையும் வருகின்றன. புதியதையே கேட்டு வாங்குங்கள். நல்ல ஓட்டக் காலணி ஒன்றின் விலையை இதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், காலணி தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சத்தைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. இடப்பக்கப் பட்டையின் வெளிப்புறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைக்காமலேயே அதை ஒருமுறை அழுத்தினால் வாசிப்பு நின்றுவிடும். சுவிசேஷம் முடிந்ததும் அதை அழுத்திவிடுகிறேன். மீதமிருக்கும் மூன்று கிலோமீட்டருக்கு எதையும் கேட்பதில்லை. தொடைகள் கனத்து, நீண்ட ஜெபத்துக்கு மூச்சு இடங்கொடாத அந்த நேரத்தில், 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் திரும்பத் திரும்ப வரும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்ற அடி மட்டும் காலடிக்கு இசைந்து வருகிறது. ஒரு மூச்சுக்கு ஒரு பெயர்: மருத்துவமனையில் இருக்கும் அத்தை, வேலை இழந்த நண்பன், இரண்டு ஆண்டுகளாக என்னிடம் பேசாத அண்ணன். கருவியை வாங்குகிறவர்கள் கடைசிப் பகுதியை இப்படி மௌனத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். முழு தூரத்தையும் ஒலியால் நிரப்பிய வாரங்களில் நிறையக் கேட்டேன், ஆனால் ஜெபிக்கவில்லை.

அடுத்து லூக்காவைத் தொடங்குகிறேன். 24 அதிகாரங்கள் ஒரே ஓட்டத்தில் அடங்காது என்பதால் இரண்டு சனிக்கிழமைகளுக்குப் பிரித்திருக்கிறேன். இரண்டாம் பாதி 13ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. கணக்குப் பார்த்தால், தூரத்தில் வரும் மகனைக் கண்டு தகப்பன் ஓடுகிற இடம் அடையாற்றுப் பாலத்தின் அருகே வரும்.