மின்விசிறி ஓடினால் பிதற்றும் தரவுப் பதிவுப் பெட்டி

"இந்தத் தரவுப் பதிவுப் பெட்டியின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" என்று ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை நண்பர் கேட்டிருக்கிறார். பதினாறு பிட், எட்டு சேனல் (உணர்விகளை இணைக்கும் உள்ளீடுகள்), யூ.எஸ்.பி. இணைப்பு என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நேராக வழக்குக்கு வருகிறேன்.

நுவரெலியாவில் எங்கள் தேயிலை உலர்த்தும் ட்ரையருக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும் வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் இந்தப் பெட்டிதான் பதிவு செய்கிறது. உணர்விகள் கே வகைத் தெர்மோகப்பிள்கள்; அதாவது இரு உலோகக் கம்பிகள் சேரும் நுனி சூடாகும்போது சிறு மின்னழுத்தம் தருபவை. பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தரும். பூச்சியம் ஒரு மில்லிவோல்ட் நகர்ந்தாலே திரையில் 24 பாகை பொய். மின்விசிறி மோட்டார் ஓடத் தொடங்கியதும் மூன்றாம் சேனல் கிடுகிடுவென ஏறும், நிறுத்தினால் இறங்கும். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் தூளைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, "ட்ரையர் சரியாகத்தானே இருக்கிறது, தம்பி" என்பார். திரையோ தீப்பிடித்ததுபோல் காட்டும்.

விற்றவர்களைக் கேட்டால் ஒரே மந்திரம்: "கலிபரேஷன் செய்யுங்கள்." அதற்கு மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பெட்டி தனக்குள் இருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தத்தோடு தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். உள்ளே சிக்னலைப் பெரிதாக்கும் பெருக்கியின் பிழை குறையும், சரி. வெளியே வயரில் நடக்கும் கூத்து அதற்கு எப்படித் தெரியும்?

சந்தேகப்பட்ட சேனலின் நேர், எதிர் முனைகளைச் சிறு வயர்த் துண்டால் இணைத்து, அதையே தரை முனையிலும் செருகுங்கள். இப்போது திரையில் தெரிவதுதான் பெட்டியின் சொந்தப் பிழை. எங்களுடையது மின்விசிறி ஓடும்போதும் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. பெட்டி நிரபராதி. குற்றவாளி எர்த். தெர்மோகப்பிளின் நுனி ட்ரையரின் இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது; ட்ரையருக்கு ஓர் எர்த், அலுவலகக் கணினிக்கு வேறோர் எர்த். இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு எங்கள் சிக்னல் வயரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நுனி காப்பிட்ட தெர்மோகப்பிளுக்கு மாறினோம். இப்போது உள்ளீடு தரையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மிதந்தது; வாசிப்பு அலைந்தது. எதிர் முனையிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் தடை ஒன்றைப் போட்டதும் அடங்கியது.

இடையில் ஒன்று. கேத்தல் கொதிநீரில் தெர்மோகப்பிளை அமிழ்த்தி, 94 காட்டுகிறதே என்று பெட்டியைத் திட்டுபவர்கள் இங்கே உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அந்த அளவில்தான் கொதிக்கும். அதை இழுத்து 100 ஆக்கினால் அன்றிலிருந்து எல்லாமே பிழை. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையை நம்புங்கள். பூச்சியத்துக்கு உயரம் ஒரு பொருட்டில்லை.

ஜனவரிக் குளிரில் காலையில் போட்டவுடன் வரும் வாசிப்பையும் நம்ப வேண்டாம். பெட்டி சூடேற அரை மணி நேரம் விட்ட பிறகே அந்தப் பொத்தானை அழுத்துங்கள். இதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருப்பவர்களை என்ன சொல்வது!

நியாயமாகச் சொன்னால், பெட்டி உழைப்பாளி. மூடுபனி, மின்வெட்டு, தேயிலைத் தூசி எதற்கும் அசையவில்லை. ஒரு நாள் பதிவுகூடத் தொலைந்ததில்லை. இருந்தும் வாங்காதீர்கள். மோட்டார்களுக்கு நடுவே வைக்கும் பொருளில் சேனலுக்குச் சேனல் மின்தனிமை (மின்தொடர்பு இல்லாத பிரிப்பு) இல்லாதது எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆய்வுகூட மேசையில் வைப்பவர்கள் இந்த விலைக்கு அள்ளிக்கொள்ளட்டும். நீங்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தனிமைப்படுத்திய உள்ளீடு உள்ளதைத் தேடுங்கள். வாங்குமுன் ட்ரையரின் எர்த்துக்கும் கணினியின் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, மின்விசிறி ஓடும்போது எவ்வளவு காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.