தனி மருந்தா, கலவை மருந்தா? மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைகளில் கிடைக்கும் தலைவலி மாத்திரைகள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் குதிரைப் படம் போட்ட நாட்காட்டி தொங்குகிறது. கட்டங்கள் பெரியவை. பால் கணக்கு, கோயில் திருவிழா, மின்கட்டணம் கட்டிய நாள் என்று எல்லாவற்றையும் எழுத இடமிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் இருந்த டாக்டர் அம்மாவிடம், "மாத்திரை போடும் நாளில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வையுங்கள் அம்மா, வேறெதுவும் வேண்டாம்" என்று சொல்லியனுப்பினார். மாதம் முடிந்ததும் எண்ணினோம். 22 புள்ளிகள்.

அம்மா முதலில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். வெயில், சரியாகத் தண்ணீர் குடிக்காதது, பசி, இவற்றோடு தலைவலி. கடையில் "தலைவலிக்கு இரண்டு" என்று கேட்டால், அண்ணன் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி இரண்டு மாத்திரையைத் தருவார். வெட்டிய துண்டில் பெயரின் பாதி இருக்கும், காலாவதித் தேதி இருக்காது, உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்ற வரியும் போயிருக்கும். நான் இதை எழுதக் காரணமே அந்தத் துண்டுதான். மாத்திரையின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதற்குள் இருப்பது தெரிவதில்லை.

இங்கே கையில் கிடைக்கும் மாத்திரைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

முதலில் தனி மருந்து, அதாவது வெறும் பாராசிட்டமால். சாதாரணப் பனடோல் ஒன்றில் 500 மில்லிகிராம், ஊபாமோல் 650 என்பதில் பெயரிலேயே சொல்லியிருப்பதுபோல் 650. உடல்நலமுள்ள பெரியவர் ஒரு நாளில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 500 மாத்திரை என்றால் எட்டு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். வயிற்றைப் புண்ணாக்காது என்பதும், டெங்கிக் காய்ச்சலாக இருக்குமோ என்ற சந்தேகத்திலும் எடுக்கலாம் என்பதும் இதன் பெரிய பலம். காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் சேர்ந்து வந்தால் ஆஸ்பிரினையும் ஐபுபுரோபெனையும் தொடவே கூடாது. டெங்கியில் அவை இரத்தக் கசிவை மோசமாக்கும். மழைக்காலத்தில் நம் ஊரில் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பாராசிட்டமாலை முதலிடத்தில் வைப்பேன்.

அதிலும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. தண்ணீரில் கரையும் பனடோல் வில்லை ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் தாத்தா, "விழுங்கச் சுலபம்" என்று அதைத் தினமும் குடித்தால், உப்பைக் குறைத்து உண்டதெல்லாம் வீண். மெதுவாகக் கரையும் 665 மில்லிகிராம் மாத்திரையை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. ஒரு நாளுக்கு ஆறுதான்.

அடுத்தது பாராசிட்டமாலோடு கஃபீன் சேர்ந்தது. பனடோல் எக்ஸ்ட்ரா வகையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலும் 65 மில்லிகிராம் கஃபீனும் இருக்கும். கஃபீன் வலிமருந்தின் பலனைக் கொஞ்சம் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் கொஞ்சம்தான். இரண்டு மாத்திரையில் 130 மில்லிகிராம் கஃபீன், அதாவது ஒரு கோப்பை கோப்பிக்குச் சற்று மேல். எட்டு மாத்திரை போட்டால் 520. உடல்நலமுள்ள பெரியவருக்கே நாளுக்கு 400 போதும் என்கிறார்கள். இதற்கு மேல் காலையில் கோப்பி ஓ, பத்து மணிக்குத் தே தாரிக் என்று நம் பழக்கம் வேறு. மாலையில் போட்டால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் தலை வலிக்கும், மறுநாளும் மாத்திரை. அம்மா மாட்டிக்கொண்டது இந்தச் சுழலில்தான். கர்ப்பிணிகளுக்குக் கஃபீன் வரம்பு நாளுக்கு 200 மில்லிகிராம் என்பதால் அவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மூன்றாவது, உறவினர் பெட்டியில் வருவது. அமெரிக்காவிலிருந்து வரும் எக்செட்ரினில் ஆஸ்பிரின் 250, பாராசிட்டமால் 250, கஃபீன் 65. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஒற்றைத் தலைவலிக்கு இந்தக் கலவை நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்கத் தலைவலி மருத்துவர் சங்கம் பலன் உறுதியான மருந்துகளின் வரிசையில் இதை வைத்திருக்கிறது. 1998-இல் அந்நாட்டில் ஒற்றைத் தலைவலிக்கென்றே இதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஒற்றைத் தலைவலிக்கென்று விற்கும் அந்தப் புட்டியிலேயே 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் பனடோல்போல ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேஸ்ட்ரிக் உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், இருதயத்துக்காக ஏற்கெனவே கார்டிப்ரின் (அதுவும் ஆஸ்பிரின்தான்) சாப்பிடுபவர், ஆஸ்துமா உள்ளவர், இவர்கள் யாருக்கும் இது ஆகாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் இருக்கும் எதையும் கொடுக்கவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய்ஸ் நோய் என்ற ஆபத்து அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் போய்வருபவர்கள் கொண்டுவரும் சாரிடான் இன்னொன்று. அதில் பாராசிட்டமாலோடும் கஃபீனோடும் புரொபிஃபெனசோன் என்ற மருந்தும் உண்டு. சிலருக்கு இது கடும் ஒவ்வாமையைத் தரும். 2018-இல் இந்திய அரசு 328 கலவை மருந்துகளைத் தடை செய்தபோது அந்தப் பட்டியலில் சாரிடானும் இருந்தது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் அது கடைக்குத் திரும்பியது. இங்கே பதிவு செய்த மருந்துக்கு அட்டையில் 'மால்' என்று தொடங்கும் எண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்கும். பெட்டியில் வந்த மாத்திரையில் அது இருக்காது. ஏதாவது ஆகிவிட்டால் மருந்தாளரிடம் காட்டிக் கேட்கவும் தடுமாற வேண்டும். என் வீட்டில் இதற்கு இடமில்லை.

நான்காவது, கழுத்து இறுகிப் பின்மண்டை வலிக்கிறது என்று மருந்தகத்தில் வாங்கும் அனாரெக்ஸ், நோர்ஜெசிக் வகை. பாராசிட்டமால் 450, தசையைத் தளர்த்தும் ஓர்ஃபெனட்ரின் 35. நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி நாளெல்லாம் அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்கு வரும் வலிக்கு இது ஒத்துப்போகும். ஆனால் மயக்கம் தரும், வாய் உலரும். லாரி ஓட்டுகிறவர் வேலைக்குப் போகும் முன் போடக் கூடாது. கண் நீர் அழுத்தம் (குளுக்கோமா) உள்ளவரும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் பெரியவரும் மருந்தாளரிடம் சொல்லாமல் வாங்கக் கூடாது.

கலவை மருந்துகளின் உண்மையான ஆபத்தை நான் புரிந்துகொண்டது ஒரு கணக்கில். பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சளியும் தலைவலியும். காலையில் ஊபாமோல் 650 இரண்டு, நண்பகலில் அனாரெக்ஸ் இரண்டு, மாலையில் சளி மாத்திரை இரண்டு, படுக்கும் முன் பனடோல் இரண்டு. "ஒரே மருந்தை அதிகமாகப் போடவில்லையே, மாற்றி மாற்றித்தானே போட்டேன்" என்றார். 1,300, 900, 1,000, 1,000. மொத்தம் 4,200 மில்லிகிராம் பாராசிட்டமால். அட்டையில் பெயர் நான்கு, உள்ளே மருந்து ஒன்றுதான். அவர் எட்டு மாத்திரைதான் போட்டார், ஆனால் வரம்பைத் தாண்டிவிட்டார். ஒரு நாளில் தப்பியிருக்கலாம். தினமும் குடிப்பவர், எடை குறைந்தவர், கல்லீரல் நோயுள்ளவர் ஆகியோருக்கு அந்த 4,000 வரம்பே அதிகம். இன்னும் கொடுமை, அளவு மீறிக் கல்லீரல் கெடத் தொடங்கினாலும் முதல் 24 மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த நஞ்சை முறிக்கும் மருந்தோ முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலிக்கும். ஆகவே அளவு மீறியது தெரிந்தால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இது புதிய கதையுமில்லை. பாட்டி காலத்தில் தோட்டத்து டிரெசர் (தோட்ட மருத்துவமனை உதவியாளர்) கொடுத்த ஏ.பி.சி. மாத்திரையும் கலவைதான்: ஆஸ்பிரின், ஃபெனாசிட்டின், கஃபீன். தலைவலிக்கும் கைகால் வலிக்கும் அதுதான். ஆண்டுக்கணக்கில் தினமும் இந்தக் கலவையை விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை ஆஸ்திரேலியாவில்தான் பெரிய அளவில் கண்டார்கள். அங்கே 1970-களின் இறுதியில் இத்தகைய கலவைகளின் கடை விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் 1983-இல் ஃபெனாசிட்டின் விலக்கப்பட்டது. பாட்டியைப் போன்றவர்களுக்கு அதிலிருந்த மூன்று பெயர்களையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஐபுபுரோபெனைப் பற்றிச் சுருக்கமாக: அது தனி மருந்து, தலைவலிக்கு நல்ல மருந்தும்கூட. சாப்பிட்ட பின் போட வேண்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பம் இருந்தால் வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகத்தில் பெரிய அடி விழும். நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இந்த இரண்டையும் சாப்பிடாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என் தீர்ப்பு எளியது. எப்போதாவது வரும் தலைவலிக்கு வெறும் பாராசிட்டமால், ஒரு குவளை தண்ணீரோடு. அது கேட்காத நாளில் கஃபீன் சேர்ந்தது, அன்றைக்குக் கோப்பியை விட்டுவிட்டு. எது எடுத்தாலும் நாட்களை எண்ண வேண்டும். தனி மருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மருந்தைப் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்தால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். கலவைக்கு வரம்பு குறைவு என்பதைக் கவனியுங்கள். தெளிப்பு வேலைக்குப் போனவருக்குத் தலைவலியோடு எச்சில் ஊறி, கண்மணி சுருங்கினால் அது பூச்சிமருந்து வேலை, மாத்திரை தேடாமல் மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். இடி விழுந்ததுபோல் திடீரென்று வந்த கடும் வலி, ஒரு பக்கக் கை மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, இவற்றுக்கும் அப்படியே.

அம்மாவின் 22 புள்ளிகளைப் பார்த்த டாக்டர் கலவை மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். "முதல் வாரம் வலி கூடும் அம்மா, பயப்படாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். கூடத்தான் செய்தது. நான்காம் நாள் அம்மா வாந்தியெடுத்தார், கடை அண்ணனிடம் யாரையாவது அனுப்பச் சொல்லி அழுதார். கோடாலித் தைலம் தேய்த்து, அறையை இருட்டாக்கி, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் வாரத்தில் வலி தளர்ந்தது. மூன்றாம் மாதத்து நாட்காட்டியில் ஆறு புள்ளிகள். இப்போது கடையில் முழு அட்டைதான் வாங்குகிறோம், கத்தரித்ததை வாங்குவதில்லை. அதைக் கிளினிக் அட்டையோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம். அடுத்த முறை ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்து உள்ளே போகும்போது, அம்மா எதை, எத்தனை போட்டார் என்று டாக்டருக்கு வாயால் சொல்ல வேண்டியதில்லை.