இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு: எங்கள் கொல்லையில் பிரஷ் கட்டர்

கும்பகோணத்துக்கு அருகே உள்ள எங்கள் வீட்டில் வாசலும் கொல்லையுமாகச் சேர்த்து 12 சென்ட் திறந்த மண் இருக்கிறது. நான்கு தென்னை, ஒரு முருங்கை, கிணற்றடியில் வாழை, வேலியோரம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நிற்கின்றன. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பதினைந்தே நாளில் கோரையும் குப்பைமேனியும் நாயுருவியும் முழங்கால் அளவுக்கு மண்டிவிடும். ஆள் வைத்துச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் முதலில் செதுக்கிய மூலையில் அடுத்த முளை எழுந்திருக்கும். களை எடுக்க ஆள் கிடைப்பது அரிதாகி, இயந்திரத்தோடு வருபவர்களும் மணிக்கு 400 ரூபாய் கேட்கத் தொடங்கிய பிறகே, தோளில் மாட்டிக்கொண்டு புல்லும் களையும் வெட்டும் 35 சிசி நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் பிரஷ் கட்டர் ஒன்றை 11,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். இந்த வகை இயந்திரத்தைப் பல நிறுவனங்கள் விற்பதால், வாங்க நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக்கில் மோட்டார் சைக்கிளைப் போல ஆயில் தனியாக இருக்கும் என்பதால் அந்தத் தொல்லை இல்லை, புகையும் குறைவு. முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், அதன்பின் 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஆயில் மாற்றுகிறோம். ஏறக்குறைய 7 கிலோ எடையைத் தோள்பட்டை வாரில் தொங்கவிட்டு வீச வேண்டியிருப்பதால், இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பிடித்தால் விரல்கள் மரத்துப்போகின்றன. ஆனாலும் இரண்டு ஆட்கள் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. உயர்ந்து நிற்கும் நாயுருவிக்கும் தண்டு முற்றிய செடிகளுக்கும் மூன்று பல் தகடு. தழைந்த புல்லுக்கு நைலான் நரம்பு. நரம்பு வெயிலில் காய்ந்து படக்படக்கென்று ஒடிகிறது என்றால், முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். மறுநாள் வளைந்து கொடுக்கும்.

இயந்திரத்தைப் பூட்டிக் கொடுத்த கடைக்காரர், புல் அடைக்கும் என்று சொல்லிக் காப்புத் தகட்டைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். காப்புத் தகடு மாட்டியிருந்தும் ஒரு கருங்கல் சல்லி பறந்து பத்தடி தள்ளியிருந்த ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கெட்டியான முழுநீளக் கால்சட்டையும் காலணியும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. பக்கத்தில் குழந்தைகள் நிற்கவும் கூடாது.

இந்த இயந்திரத்தால் நேர்ந்த பெரிய இழப்பு ஒரு நார்த்தங்கன்று. முதல் ஐப்பசியில் அதன் அடியில் இருந்த புல்லை நைலான் நரம்பால் நெருங்கி வெட்டினேன். தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பட்டை வளையமாக உரிந்து, உள்ளே ஈரமான வெள்ளைக் கட்டை தெரிந்தது. கன்று வாடவில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேரிலிருந்து நீர் கட்டை வழியாக மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இலையில் உண்டாகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க முடியும். அந்தப் பாதை அறுந்துபோனதால் வேர் உணவின்றி நலிந்து, தை வரை பசுமையாக நின்ற கன்று பங்குனியில் பட்டுப்போனது. இப்போது ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஓரடி வட்டத்துக்குக் கையால் மட்டுமே களை எடுக்கிறோம்.

கோரையைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. வெட்டிய மூன்றாம் நாளே பச்சை ஊசிகளாக அது மறுபடி எழும்பும். மேலே தெரிவது இலை மட்டும்தான். கீழே மெல்லிய வேர்த்தண்டில் கறுப்பு மணிகளைக் கோத்ததுபோல் கிழங்குகள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் கோரைக்கிழங்கு இதுதான். பாதியில் அறுந்தால் அந்தக் கிழங்குகள் தனித்தனியே முளைக்கும் என்பதால், மழை விட்டு மண் பதமாக இருக்கும்போது களைக்கொத்தால் ஆழத் தோண்டிச் சரமாக எடுப்பதே சரியான வழி. பாய் போல விரிக்கும் பிளாஸ்டிக் தாளையும் கோரை குத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. ஆனால் அது நிழலுக்கு அஞ்சும். வாழை அடர்ந்து நிழல் விழுந்த கிணற்றடியில் இரண்டாம் ஆண்டே கோரை மெலிந்துவிட்டது.

இயந்திரத்தைச் சும்மா வைத்திருக்கும் மாதங்களில்தான் கூடுதல் கவனம் தேவை. முதல் ஆண்டு தையில் தொட்டியில் பெட்ரோலோடு மூலையில் வைத்துவிட்டு ஆடியில் எடுத்தபோது எத்தனை முறை கயிற்றை இழுத்தும் இயங்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய மெக்கானிக்கிடம் 350 ரூபாய் கொடுத்தோம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எனவே தொட்டியைக் காலி செய்து, மீதியும் தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிட்ட பிறகே எடுத்து வைக்கிறோம்.

ஐந்து சென்ட்டுக்குக் குறைவான இடமும் நிறைய தொட்டிச் செடிகளும் உள்ள வீட்டுக்கு இது வேண்டாம். நல்ல களைக்கொத்தும் ஒரு பன்னரிவாளும் போதும். எங்களைப் போல் பெரிய கொல்லை வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும் முன், நரம்புச் சுருளும் கிளட்ச்சும் ஏர் ஃபில்டரும் உள்ளூரிலேயே கிடைக்கின்றனவா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு ஒரு கிளட்ச்சுக்காக நல்ல மழைக்காலத்தில் மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தது.