வெளியூரில் இருந்துகொண்டு வயல் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நன்செய். அப்பா போன பிறகு ஓர் ஆளை வைத்து, சென்னையில் இருந்தபடியே நான்கு வருடம் சாகுபடி செய்தேன். பணம் அனுப்பினேன் என்பதுதான் சரி. போன மாசியில் குட்டு உடைந்தது, அதுவும் வைக்கோலால்.

மழையில் நனைந்து வைக்கோல் முழுவதும் அழுகிவிட்டது என்று அவர் தொலைபேசியில் வருத்தப்பட்டார். அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் மாடு வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “தம்பி, உங்கள் வயல் வைக்கோல் கட்டு இந்த வருடமும் நன்றாக இருந்தது, அடுத்த தடவையும் எனக்கே கொடுக்கச் சொல்லுங்கள்” என்றார். ‘வருடமும்’ என்பதில் இருந்த அந்த ‘உம்’தான் என்னை உலுக்கியது.

அவர் எழுதித் தந்த பழைய கணக்கு நோட்டுகளை எடுத்தேன். விதைநெல் ஏக்கருக்கு 50 கிலோ என்று எழுதியிருந்தது. நடவு வயலுக்கு 30 கிலோவே தாராளம் என்று பக்கத்து வயல்காரர் சிரித்தார். மூன்று ஏக்கரை அறுக்க இயந்திரத்துக்கு ஏழு மணி நேர வாடகை, அதுவும் கூடுதல். மகசூல் மட்டும் வருடாவருடம் அக்கம்பக்கத்தைவிட ஏக்கருக்கு ஐந்தாறு மூட்டை குறைவு. அந்த மூட்டையும் எந்த மூட்டை? வியாபாரிக்குப் போடுவது 60 கிலோவுக்கு மேல். அரசு கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. நான் ஒருநாளும் கேட்டதில்லை. அளவையில் செய்யும் கோளாறு, அதிகாரிகள் கையாடும் நாற்பது வழிகளில் ஒன்று என்று அர்த்தசாஸ்திரமே எழுதி வைத்திருக்கிறது.

அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் கொலுமெல்லாவைப் படித்தேன். ஸ்பெயினின் காதிஸ் நகரில் பிறந்தவர், கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மையைப் பற்றிப் பன்னிரண்டு பகுதிகள் எழுதிய ரோமானியர். எஜமானன் எட்டிப் பார்க்காத தூரத்துப் பண்ணையில் என்ன நடக்கும் என்று சொல்கிறார்: உழவு மாடுகளை வெளியே வாடகைக்கு விடுவார்கள், தீனியும் சரியாகப் போடமாட்டார்கள். விதைத்ததைவிடக் கூடுதலாக விதைக் கணக்கு எழுதுவார்கள். களத்துக்கு வந்த தானியம் நாளுக்கு நாள் குறையும். தாங்களும் எடுப்பார்கள், மற்றவன் எடுப்பதையும் தடுக்கமாட்டார்கள். விதைக் கணக்கு வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என் நோட்டுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 2,000 வருடம்!

அவருக்கும் இருநூறு வருடம் முந்தியவர் கேட்டோ என்ற இன்னொரு ரோமானியர். பண்ணைக்கு வந்தால் அன்றைக்கே நிலத்தைச் சுற்றிப் பார், முடியாவிட்டால் மறுநாளாவது பார், அப்புறம் கண்காணியைக் கூப்பிட்டுக் கணக்குக் கேள் என்கிறார். ஆள்களுக்கு உடம்பு சரியில்லை, வானிலை சரியில்லை என்று அவன் காரணம் அடுக்குவான் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நானோ திண்ணையில் காபி குடித்தபடி கணக்கு நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வயல் பக்கம் போகாமலே இரவு ரயிலேறியவன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ரோமானியர்கள் திருட்டு என்று எழுதியது அடிமைகள் செய்ததை. கூலியே இல்லாதவன் ஒரு கூடை கோதுமையை விற்றதற்கு அவன் பக்கக் கணக்கு எங்கேயும் எழுதப்படவில்லை. என் ஆள் அடிமை இல்லை, மாதம் ஆறாயிரம் வாங்கினார். நான்கு வருடமாக அதே ஆறாயிரம்தான், அது என் தப்பு. ஆனாலும், அழுகாத வைக்கோலுக்கு என்னைத் துக்கம் விசாரிக்க வைத்ததை மறக்க முடியவில்லை.

நேரில் கேட்டபோது அவர் முழுக்க மறுக்கவில்லை. “கட்டுக் காசு மட்டும்தான் எடுத்தேன், நெல்லில் கை வைக்கவில்லை அண்ணே” என்றார். நம்புவதற்கும் வழியில்லை, மறுப்பதற்கும் என்னிடம் எடைச் சீட்டு இல்லை. விதை வாங்கிய ரசீது, இயந்திர வாடகைச் சீட்டு, கொள்முதல் சீட்டு ஆகியவற்றை அன்றன்றைக்கே படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

தூரத்துத் தானிய நிலத்தை ஆள் வைத்துப் பார்க்காதே, குத்தகைக்கு விடு என்பது கொலுமெல்லாவின் யோசனை. பேச்சு நடக்கிறது, இன்னும் படியவில்லை. வரும் தை அறுவடைக்குப் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாட்டுக்காரரின் எண்ணும் இப்போது என் கைபேசியில் இருக்கிறது.