கரோல் லொம்பார்ட் டிவிடி பெட்டி: 28 வெள்ளிக்கு மூன்று படங்கள்

அந்தக்கால ஹாலிவுட் நடிகை கரோல் லொம்பார்ட் நடித்த படங்களின் இந்தப் பெட்டியைச் சிங்கப்பூர் பிராஸ் பாசாவில் ஒரு பழைய கடையில் வாங்கினேன். அம்மாவும் நானும் மூன்று வெள்ளிக்கிழமை இரவுகளில் பார்த்து முடித்தோம்.

முதலில் 'ட்வெண்டியத் செஞ்சுரி' (1934) போடுங்கள். அதுவரை அழகான முகம் என்று மட்டும் பார்க்கப்பட்ட லொம்பார்ட், ரயில் பெட்டியில் உடன் நடித்த ஜான் பேரிமோரைக் காலால் உதைத்துக்கொண்டே கத்தும் அந்த ஒரு காட்சியில் வேறு ஆளாகிவிடுகிறார். 'மை மேன் காட்ஃப்ரி' (1936) எனக்கு இன்னும் பிடித்தது. ஷவரில் நனைந்த உடையோடு வந்து, காட்ஃப்ரிக்குத் தன்மேல் காதல் என்று கட்டில் மேல் ஏறிக் குதிக்கிறாரே, அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காட்ஃப்ரியாக நடித்த வில்லியம் பவல் லொம்பார்டின் முன்னாள் கணவர். விவாகரத்தாகி மூன்று வருடம் கழித்து இப்படி ஒரு நெருக்கத்தோடு நடித்திருக்கிறார்கள். லொம்பார்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை இதற்குத்தான் கிடைத்தது.

அப்புறம் 'டு பி ஆர் நாட் டு பி' (1942). போருக்கு நிதி திரட்டும் பத்திரங்களை விற்றுவிட்டுத் திரும்பும் வழியில், அதே ஆண்டு ஜனவரி 16 அன்று விமானம் மலையில் மோதி லொம்பார்ட் இறந்தார், வயது 33. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்வதற்கு ஒரு மாதம் முன்பு. படம் அதன் பிறகுதான் வெளிவந்தது. அது தெரிந்து பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது.

பிரதி தெளிவாக இருக்கிறது. ஆங்கில சப்டைட்டில் மட்டும் முதல் படத்தில் இல்லை, அவர்கள் பேசும் வேகத்துக்கு அது கட்டாயம் வேண்டும். இருந்தாலும் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.