பாண்டில "புது ரிலீஸ்" ஏ320நியோ கிட்டுக்கு அட்வான்ஸ் கட்டப் போறீங்களா, முதல்ல இதைப் படிங்க

பிளாஸ்டிக் விமான மாடல் கிட் ஒட்டுற நம்மாளுங்க எல்லாருக்கும், முக்கியமா இப்பதான் ஆரம்பிச்சிருக்கற பசங்களுக்கு எழுதறேன். பாண்டி பக்கம் ஒருத்தர் இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸப்லயும் கிட் விக்கிறார். "புது ரிலீஸ், நியூ டூல் (அதாவது புது அச்சு), ப்ரீ ஆர்டர்"னு போட்டு பாதிப் பணத்தை முன்னாடியே ஜிபே-ல வாங்கிக்கிறார், மிச்சத்தை கூரியர் போடறதுக்கு முந்தி வாங்கிக்கிறார், ஆனா டப்பாக்குள்ள வர்றது முப்பது வருஷத்துக்கு மேல பழைய அச்சுல அடிச்ச வேற விமானம். எனக்கு நடந்திருக்கு, விழுப்புரத்துல ஒரு ப்ளஸ் டூ பையனுக்கும் நடந்திருக்கு, இன்னும் எத்தனை பேர்னு தெரியல. பேரு இங்க போடல, நுகர்வோர் கமிஷன்ல புகார் குடுத்திருக்கேன், அது முடியற வரைக்கும் போடறது சரியில்ல.

கடலூர்ல எனக்குத் தெரிஞ்சு கிட் விக்கிற கடை கிடையாது, சென்னைக்குப் போகணும் இல்ல ஆன்லைன்ல வாங்கணும். அதனால பக்கத்துல பாண்டில ஒருத்தர் விக்கிறார்னதும் இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் சந்தோஷம்தான். பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்க மூலமா நேரா வருது, கஸ்டம்ஸ் தொல்லை இல்லன்னு சொன்னார். பாண்டில இப்படிச் சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, வீட்டுக்கு ஒருத்தர் பாரிஸ்ல இருக்கற தெருவெல்லாம் அங்க உண்டு. நேரு வீதில வெச்சு ஒருத்தருக்குக் கையில குடுத்த ஒரு நல்ல கிட்டோட போட்டோவும் அனுப்பினார், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

நான் கேட்டது இண்டிகோ கலர்ல 1/144 (நிஜத்துல 144ல ஒரு பங்கு) ஏர்பஸ் ஏ320நியோ, அதாவது ஏ320ல புது இன்ஜின் போட்ட வகை. ரெவெல், ஸ்வெஸ்டான்னு ரெண்டு கிட் கம்பெனியுமே இந்த அளவுல நியோ போட்டிருக்காங்க, அதுல குழப்பம் இல்ல. இவர் சொன்னது அது ரெண்டும் இல்லாம மூணாவதா ஒரு புது அச்சு, ரெண்டு வகை இன்ஜினும் உள்ளயே வரும், இண்டிகோ டீகல் (தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) டப்பாவுலயே வரும், அதுவும் இத்தாலி கார்ட்டோகிராஃப் கம்பெனி பிரிண்ட். கூட அழகான கம்ப்யூட்டர் படம் நாலஞ்சு. விலை நாலாயிரத்துச் சொச்சம். அதுக்கப்புறம் மாசக்கணக்குல இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு இழுத்து, ஒரு வழியா கூரியர் வந்துது.

டப்பா மேல இருந்த படமே முதல் அடி. அட்டைல அச்சடிச்சது இல்ல, கலர் ஜெராக்ஸ் எடுத்து பழைய டப்பா மேல ஒட்டியிருக்கு, ஓரத்துல நகத்தை விட்டா உரிஞ்சு வருது. உள்ள ஸ்ப்ரூவெல்லாம், அதாவது பார்ட்டுங்க ஒட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் ஃப்ரேமெல்லாம், சாதா பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஸ்டேப்ளர் அடிச்சிருக்கு. ஸ்ப்ரூ ஃப்ரேம்ல கம்பெனி பேரு இருக்கற தகட்டை மட்டும் கட்டர் வெச்சு வெட்டி எடுத்திருக்கார், வெட்டின இடம் நாலுலயும் வெள்ளையா தெரியுது. ஆனா வால் பக்கத்து சின்ன இறக்கையோட உள்பக்கம் பாக்க மறந்துட்டார், அங்க 1991னு பொறிச்சிருக்கு. ஏ320நியோ முதல்முதலா பறந்ததே 2014 செப்டம்பர்ல. 1991ல அடிச்ச அச்சுல நியோ எப்படி வரும்? அது 1987ல பறந்த முதல் ஏ320 வகை, இப்ப எல்லாரும் சியோன்னு சொல்றாங்களே அது. அச்சு போட்ட கம்பெனி பேரு எனக்குத் தெரியும், ஆனா அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, அவங்க ஏ320ன்னு சொல்லி ஏ320 தான் வித்தாங்க, நியோன்னு சொல்லி வித்தது இவர்.

இப்ப இதை நீங்களே எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்றேன், ஒரு ஸ்கேலும் வெர்னியரும் இருந்தா போதும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, நீளம் அளந்தா மாட்டாது, சியோ நியோ ரெண்டுமே 37.57 மீட்டர், 144ஆல வகுத்தா 26.1 செ.மீ. வரும், என் கிட்டும் அவ்வளவுதான் வந்துது, அதை வெச்சுத்தான் அவரும் "அளவெல்லாம் கரெக்டா இருக்குண்ணே"ன்னு சாதிச்சார். இறக்கையை அளக்கணும். ஷார்க்லெட் (இறக்கை முனைல மேல வளைஞ்சு நிக்கற பகுதி) வெச்ச நியோ 35.8 மீட்டர், அதாவது 24.9 செ.மீ. பக்கம் வரணும். பழைய ஏ320ல இறக்கை முனைல மேலயும் கீழயும் சின்ன முக்கோணத் தகடு இருக்குமே, அது 34.1 மீட்டர், 23.7 செ.மீ. தான். எனக்கு வந்தது இந்த ரெண்டாவது, முனைத் தகட்டை வெட்டிட்டு ஷார்க்லெட்டை ஒட்டிக்கோன்னு ரெசின்ல ரெண்டு துண்டு தனியா போட்டிருந்தார். நிஜ ஷார்க்லெட் 2.4 மீட்டர் உயரம், அப்ப கிட்ல கிட்டத்தட்ட 17 மி.மீ. இருக்கணும், அவர் குடுத்தது 11 மி.மீ. கூட இல்ல, காத்துக் குமிழி வந்து ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா கெடக்கு, அதைவிட மோசம் ரெண்டுமே இடது பக்க இறக்கைக்கு. வலது பக்கத்துக்கு ஒண்ணும் இல்ல. யாரோ ஒருத்தரோட நல்ல கிட்ல இருந்து ஒரே ஒரு ஷார்க்லெட்டை எடுத்து அச்சு போட்டு ரெண்டு தடவை ஊத்தியிருக்கார், அவ்வளவுதான் நடந்திருக்கு.

இன்ஜின் தான் எனக்கு ரொம்ப வருத்தம். நியோன்னாலே இன்ஜின் தானே. இண்டிகோ முதல்ல பிராட் அண்ட் விட்னி இன்ஜினோட நியோ வாங்கினாங்க, அப்புறம் 2019ல சிஎஃப்எம் லீப் இன்ஜினுக்கு பெரிய ஆர்டர் குடுத்தாங்க, அதனால எந்த விமானத்தைச் செய்யறோமோ அதோட ரெஜிஸ்ட்ரேஷன் பாத்து இன்ஜின் போடணும், இதெல்லாம் யோசிச்சு வெச்சுத்தான் "ரெண்டு இன்ஜினும் வருதா"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். லீப் விசிறி 1.98 மீட்டர் விட்டம், 18 பிளேடு. பிராட் விசிறி 2.06 மீட்டர், 20 பிளேடு. பழைய சிஎஃப்எம்56 1.73 மீட்டர், 36 பிளேடு. 1/144ல லீப் 13.7 மி.மீ., பிராட் 14.3, பழசு 12. டப்பால வந்த விசிறியை வெர்னியர்ல வெச்சா சரியா 12. பிளேடெல்லாம் எண்ண முடியாது, வெறும் கோடு. ரெண்டு மி.மீ. தானேன்னு சிலர் நினைக்கலாம், ஒட்டி முடிச்சு பழைய ஏ320 பக்கத்துல வெச்சுப் பாருங்க, இறக்கைக்குக் கீழ அந்தப் பெரிய கூடு தெரியலன்னா அது நியோவே இல்ல, விமானம் தெரிஞ்ச யாரும் ஒரே பார்வைல சொல்லிடுவாங்க.

டீகல் பத்திச் சொல்லணும், ஏன்னா இதுல தான் புதுப் பசங்க ரொம்ப ஏமாறுவாங்க. நல்ல டீகல் ஷீட் ஸ்கிரீன் பிரிண்ட், ஒவ்வொரு கலரும் தனித்தனி லேயரா இருக்கும், லென்ஸ் வெச்சுப் பாத்தா ஒரே சீரான கலரா தெரியும், வெளிச்சத்துல சாய்ச்சா லேசா மேடு தெரியும். எனக்கு வந்தது வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்ல எடுத்தது, லென்ஸ்ல பாத்தா குட்டிக் குட்டிப் புள்ளி. வீட்டு இங்க்ஜெட்ல வெள்ளை மை கிடையாது. இண்டிகோ வாலுல கருநீலத்து மேல வெள்ளைப் புள்ளிங்களா விமானம் வரும் பாருங்க, அந்த வெள்ளை இந்த ஷீட்ல வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு, நீலப் பெயின்ட் மேல ஒட்டினா ஒண்ணுமே தெரியாது. ஓரத்துல ஒரு சின்ன துண்டு வெட்டி தண்ணில போட்டுப் பாத்தேன், மேல கிளியர் கோட் கூட அடிக்கல, மை கரைஞ்சு தண்ணி நீலமாயிடுச்சு.

இதைக் கேட்டதுக்கு அவர் சொன்ன பதில், "கடல் காத்துண்ணே, கடலூர் பாண்டில டீகல் தாங்காது." இது பொய். கடலோரம் இருக்கற நமக்கு ஈரம் பிரச்சனைதான், ஐப்பசி கார்த்திகைல லாக்கர் பெயின்ட் அடிச்சா மேல வெள்ளையா பூத்துப் போகும், பழைய டீகல் வருஷக்கணக்குல மஞ்சளாகும், அதை ஜிப் கவர்ல போட்டு வெயில் படற ஜன்னல்ல ஒட்டி வெச்சா மஞ்சள் இறங்கும், இதெல்லாம் நாம பண்றதுதான். ஆனா நேத்து வந்த ஷீட்ல மை கரையறதுக்கும் கடல் காத்துக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் போட்டார். "அண்ணே நியோவும் ஏ320 தானே, இன்ஜின் மட்டும் தானே மாத்தம், மாடலர்னா கொஞ்சம் ஸ்க்ராட்ச்ல பண்ணிக்க வேண்டியதுதான்"னு. இதுக்கு மட்டும் நான் பதில் சொல்லியே ஆகணும். பழைய அச்சு கிட் எனக்குப் பிடிக்கும். பேனல் லைன் உள்வாங்காம மேல எழும்பி நிக்கும், ஃபியூஸ்லாஜ் ரெண்டு பாதியும் சேராது, ஃபில்லர் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு கை வலிக்கும், இருந்தாலும் பழசுன்னு தெரிஞ்சு, பழசுக்கு உண்டான விலை குடுத்து வாங்கி, அதைச் சரி பண்றதுல ஒரு நிறைவு இருக்கு. கம்பெனிக்காரங்களே பழைய அச்சைப் புது டப்பால போட்டு விக்கிறது வழக்கம், அதுல தப்பு கிடையாது. அதுக்குத்தான் ஸ்கேல்மேட்ஸ் மாதிரி வெப்சைட்ல ஒவ்வொரு கிட்டுக்கும் நியூ டூலா, பழைய அச்சோட புது பார்ட்டா, வெறும் ரீபாக்ஸா, டீகல் மட்டும் புதுசான்னு வரிசையா போட்டு வெச்சிருக்காங்க. கிட் நம்பர் கேளுங்க, அதைத் தேடிப் பாருங்க. இவர்கிட்ட கிட் நம்பர் கேட்டப்ப "ரிலீஸ் ஆனப்புறம் தான் நம்பர் வரும்"னார். ப்ரீ ஆர்டர் எடுக்கற நிலைக்கு வந்த கிட்டுக்கு கம்பெனி கேட்டலாக்ல நம்பர் இருக்கும், அவருக்கு அது தெரியாம இல்ல.

பொதுவா புது ரிலீஸ் எதுவா இருந்தாலும் கம்ப்யூட்டர் படத்தைப் பாத்துப் பணம் கட்டாதீங்க, டெஸ்ட் ஷாட் (அச்சுல முதல்ல அடிச்சுப் பாக்கற பார்ட்) வரட்டும், யாராவது ஒருத்தர் ஸ்ப்ரூ போட்டோ போடட்டும். அதுல நான் முதல்ல பாக்கறது மூக்கும் காக்பிட் கண்ணாடியும், ஏர்பஸ்ல அந்தக் கண்ணாடியோட கோணம் தப்பினா முகமே மாறிடும், அதை எந்தப் பெயின்டும் மறைக்காது. அடுத்தது இறக்கையோட பின் ஓரம், தடியா இருக்கா மெல்லிசா இருக்கான்னு. ஸ்டாக் கையில இருக்குன்னு சொல்றவர்கிட்ட ஒரு துண்டு பேப்பர்ல உங்க பேரு எழுதி ஸ்ப்ரூ பக்கத்துல வெச்சு போட்டோ கேளுங்க. நிஜமா வெச்சிருக்கறவர் ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுவார்.

பணம் திருப்பிக் கேட்டதுக்கு, வெட்டு இல்லாத அன்பாக்சிங் வீடியோ இருந்தாதான் தருவேன்னார். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, வீடியோ அனுப்பினேன், அன்னைக்கே பிளாக் பண்ணிட்டார். விழுப்புரத்துப் பையன்கிட்ட வீடியோ இல்ல. பொங்கலுக்கு வந்த காசு, பாட்டி குடுத்த காசு எல்லாம் சேத்து வெச்சு வாங்கின முதல் கிட் அது. அவன் என்கிட்ட கேட்டது, "அண்ணா, நான் ஒட்டத் தெரியாம தான் ஷார்க்லெட் சேர மாட்டேங்குதா?" ரெண்டும் இடது பக்கத்துதுப்பா, உலகத்துல யாராலயும் அதை வலது பக்கம் ஒட்ட முடியாதுன்னு சொன்னேன். கோவம் எனக்குப் பணத்துக்கு இல்ல, இதுக்குத்தான். நெய்வேலில எங்க சார் ஒருத்தர், ரிட்டையர் ஆகி முழு நேரமும் கிட் ஒட்டறவர், தன்கிட்ட இருந்த ஒரு நல்ல 737 கிட்டை அவனுக்கு அனுப்பியிருக்கார், பையன் இப்ப அதுல இறங்கியிருக்கான்.

வீடியோ இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு விட்டுடாதீங்க. வாட்ஸப் சாட், அவர் போட்ட விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, கூரியர் கவர், டப்பா இதெல்லாமே ஆதாரம் தான். முதல்ல 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். அதுல சரியாகலன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன். விக்கிறவர் புதுச்சேரி யூனியன் பிரதேசம், நான் தமிழ்நாடு, எங்க போய் அலையறதுன்னு தான் எல்லாரும் விட்டுடறாங்க, ஆனா 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம், அதனால நான் கடலூர்லயே குடுத்தேன். 5 லட்சம் ரூபா வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் வெக்கணும்னு கட்டாயம் இல்ல, 2 வருஷத்துக்குள்ள குடுக்கணும். பணம் கட்டியும் கிட் வரவே இல்லன்னா அது வேற கதை, உடனே 1930ல சைபர் கிரைமுக்குச் சொல்லுங்க.

இவர்கிட்ட ஏற்கனவே வாங்கி டப்பாவைப் பிரிக்காம அலமாரில வெச்சிருக்கறவங்க யாராவது இருந்தா, இன்னைக்கே வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க, வால் பக்கத்து இறக்கைத் துண்டைத் திருப்பி உள்பக்கம் வருஷம் இருக்கான்னு பாருங்க, ஷார்க்லெட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுங்க. எதையும் ஒட்டவோ வெட்டவோ வேணாம். அந்த போட்டோவை எனக்கு அனுப்புங்க, ஒரே மாதிரி புகார் நாலஞ்சு சேந்தா கமிஷன்ல அதோட கனமே வேற. புகார் எழுதத் தெரியலன்னா கவலைப்படாதீங்க, ஞாயித்துக்கிழமைல நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல தான் இருப்பேன், வாங்க, உக்காந்து எழுதிக்கலாம்.